தைபேயின் இரவுகளும் ஒரு டாக்ஸிச் சீட்டும்

எட்டு ஆண்டுகளுக்கு முன், அலுவலக வேலையாகத் தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்குப் போயிருந்தபோது, இரவு ஒன்பது மணியளவில் ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசை முன் நின்றேன். அறைகள் காலியாக இருந்தன. பின்னாலிருந்த பலகையில் சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. மேசையில் இருந்த பெரியவர் என் அடையாள அட்டையை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். "தனியா வர்ற லேடீஸுக்கு ரூம் குடுக்கிறதில்லைம்மா, முதலாளி சொல்லியிருக்காரு" என்றார். அவர் குரலில் கடுமை சிறிதும் இல்லை; என் நல்லதுக்காகவே அந்த விதி இருப்பதாக அவர் மனமார நம்பினார் என்பதை முகத்திலேயே படிக்க முடிந்தது. அன்றிரவு, உடன் வேலை பார்ப்பவரின் அத்தை வீட்டில், முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் கூடத்தில் படுத்துக்கொண்டேன்.

அந்த இரவுக்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும், அங்குள்ள கோயிலையும் கோட்டையையும் பார்ப்பதற்கு முன்பாகவே, தனியாக வரும் ஒரு பெண்ணை அந்த ஊர் எப்படி நடத்துகிறது என்பதைத்தான் என் கண் முதலில் தேடுகிறது. தெருவிளக்கு எரிகிறதா, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, இரவில் கழிப்பறை திறந்திருக்குமா, ஒற்றை ஆளாகச் சாப்பிட உட்கார்ந்தால் எத்தனை பேர் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பவை எனக்குச் சின்ன விஷயங்களாகத் தோன்றுவதில்லை. தனியாகப் பயணம் செய்யும் பெண்களுக்கு ஏற்ற நகரம் எது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு இப்போது தயங்காமல் சொல்லும் பெயர், தைவானின் தலைநகரான தைபே. சென்ற நவம்பரில் பத்து நாட்கள் அங்கே தனியாக இருந்தேன். அந்த நகரம் அப்படி இருப்பதற்கான காரணத்தை அங்கே ஒரு பெண்மணி வழியாகத் தெரிந்துகொண்டேன் என்பதால், அதையும் சேர்த்தே எழுத நினைக்கிறேன்.

தாவ்யுவான் விமான நிலையத்தில் நான் இறங்கியது இரவு நேரம். அங்கிருந்து விரைவு மெட்ரோவில் ஏறினால் நாற்பது நிமிடத்துக்குள் தைபே முதன்மை நிலையம் வந்துவிடுகிறது. புது ஊரில் இருட்டிய பிறகு வந்து இறங்கும் பெண்ணுக்கு, யாரிடமும் பேரம் பேசாமல், எந்த வண்டிக்காரரையும் நம்ப வேண்டிய அவசியமின்றி, வெளிச்சமான ஒரு ரயில் நேராக ஊருக்குள் கொண்டுபோய் விடுகிறது என்பதே பாதிக் கவலையைத் தீர்த்துவிடும். நகர மெட்ரோ காலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை ஓடுகிறது. அடுத்து வரும் நிலையத்தின் பெயரை மாண்டரின், தைவானிய ஹொக்கியன், ஹக்கா, ஆங்கிலம் என்று நான்கு மொழிகளில் சொல்கிறார்கள். நடைமேடையில் ஓரிடத்தைத் தனியே குறித்து, இரவில் காத்திருப்பவர்களுக்கான பகுதி என்று வைத்திருக்கிறார்கள். கண்காணிப்பு கேமராவின் பார்வை முழுமையாகப் படும் இடம் அது. தொடக்கத்தில் பெண்களுக்கென்றே பெயரிடப்பட்டிருந்த அந்தப் பகுதி இப்போது அச்சப்படும் யாருக்கும் பொதுவாகிவிட்டது. முதல் இரவு நான் போய் அங்கே நின்றபோது, ஏற்கெனவே நின்றிருந்த இரண்டு மாணவிகள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டுத் தங்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள்.

ஆனால் மெட்ரோவைவிட அந்த ஊரின் தெருக்கள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தன. தைபேயின் பழைய கட்டடங்களில் தரைத்தளத்தின் முன்பகுதி உள்வாங்கி, மேல்மாடி அதன்மேல் கூரையாக நீண்டிருக்கும். ஒரு கட்டடத்தின் தாழ்வாரம் அடுத்த கட்டடத்தின் தாழ்வாரத்தோடு சேர்ந்து, தெரு முழுவதும் ஒரே நடைபாதையாக ஓடும். சீ-லவ் என்று அதற்குப் பெயர். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிக்கொள்வதற்காகக் கட்டியது என்றாலும், அதன் பயன் அதோடு முடிவதில்லை. தாழ்வாரத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கடைகள்; தையல்காரர், சாவி செய்பவர், நூடுல்ஸ் கடை, மருந்துக் கடை என்று ஏதோ ஒன்று இரவு பத்து மணி தாண்டியும் திறந்திருக்கும், அதன் முன்னால் யாரோ ஒரு பாட்டி முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நம் பழைய தெருக்களில் திண்ணைகள் செய்த வேலையை அங்கே இந்தத் தாழ்வாரங்கள் இன்னமும் செய்துகொண்டிருக்கின்றன. குறையும் உண்டு: ஒவ்வொரு கடைக்கும் தரை ஒவ்வோர் உயரத்தில் இருப்பதால் கால் இடறுகிறது, பல இடங்களில் ஸ்கூட்டர்கள் வழியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன. சக்கர நாற்காலியில் வருபவருக்கு அது சிரமமான தெருதான்.

மாலையில் இன்னொரு காட்சி. எங்கிருந்தோ ஒரு பியானோ மெட்டு கேட்கும். கேட்டதும் வீடுகளிலிருந்து ஆண்களும் பெண்களும் நீலநிறப் பைகளைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு வருவார்கள். அது குப்பை வண்டியின் இசை. தைபேயில் குப்பையைத் தெருவில் வைத்துவிட்டுப் போக முடியாது. புதன், ஞாயிறு தவிர மற்ற நாட்களில் வண்டி வரும் நேரத்தில் அவரவரே கொண்டுவந்து போட வேண்டும். வண்டிக்காகக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் அக்கம்பக்கத்தார் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிவிடுகிறார்கள். யார் எந்த வீட்டில் இருக்கிறார்கள், இன்று யாரைக் காணோம் என்பதெல்லாம் அந்தத் தெருவுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்றாம் நாள் முதல், நான் தங்கியிருந்த விடுதியின் குப்பைப் பையை நானே வாங்கிக்கொண்டு போய் அங்கே நின்றேன். நான்காம் நாள், எதிர்வீட்டுப் பெண்மணி எனக்கு ஒரு கொய்யாப்பழம் கொடுத்தார்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் தனியாகப் போகும் பெண்கள் பலர் அறையிலேயே பிஸ்கெட்டைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்வதை நான் அறிவேன். நானும் அப்படி எத்தனையோ இரவுகள் செய்திருக்கிறேன். தைபேயில் பௌத்த மரபைச் சேர்ந்த சைவ உணவகங்கள் ஏராளம்; பலகையில் ஸ்வஸ்திகா சின்னமும் சைவ உணவைக் குறிக்கும் ஒரு சீன எழுத்தும் இருக்கும். வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்காத சமையல் அது. முப்பது நாற்பது வகைக் காய்கறிகளும் டோஃபு வகைகளும் தட்டுகளில் வைக்கப்பட்டிருக்க, வேண்டியதை நாமே அட்டைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு தராசில் வைத்தால், எடைக்குத் தக்க விலை சொல்வார்கள். இந்த ஏற்பாட்டில் "எத்தனை பேர்?" என்ற கேள்விக்கே இடமில்லை. ஒற்றை ஆளுக்கான மேசைகள் சுவரை ஒட்டி வரிசையாக இருக்கின்றன. அங்கே உட்கார்ந்து சாப்பிடுபவர்களில் பாதிப் பேர் என்னைப் போலத் தனியாக வந்த பெண்கள். சாப்பிடும்போது ஒருவரும் என்னைக் கவனிக்கவில்லை என்பதை நான் உணர்வதற்கே இரண்டு நாட்கள் ஆயின.

பெய்தோவ் என்ற பகுதியில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் போய், ஒரு குட்டிக் கிளைத்தடத்துக்கு மாறினால் வந்துவிடும். பெண்களுக்கென்று தனியாக உள்ள ஒரு பொதுக் குளியலறைக்கு, ஆடையின்றிக் குளிக்க வேண்டும் என்பது தெரிந்து, மிகுந்த கூச்சத்தோடுதான் போனேன். உள்ளே எழுபது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் ஏழெட்டுப் பேர் கழுத்தளவு நீரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். நான் தொட்டி அருகே போனதும் ஒருவர் கையை நீட்டித் தடுத்து, முதலில் வெளியே உட்கார்ந்து உடம்பைக் கழுவிக்கொள்ளச் சொல்லிச் சைகை காட்டினார். பிறகு ஒரு குவளையால் வெந்நீரை மொண்டு, சூடு பழகட்டும் என்று என் காலில் மெதுவாக ஊற்றினார். என் அம்மாச்சி எண்ணெய்க் குளியலன்று செய்வது அச்சு அசலாக இதுவேதான். தாய் வயதில் இருக்கும் பெண்ணை அந்த ஊரில் "ஆயி" என்று அழைக்கிறார்கள். அத்தை அல்லது சித்தி என்று பொருள். நம் வாயில் அம்மாவைக் குறிக்கும் சொல் இவ்வளவு தூரத்தில் வேறோர் உறவைக் குறித்துக்கொண்டிருக்கிறது என்று எண்ணி, கிளம்பும்போது அவரை "ஆயி" என்று கூப்பிட்டு நன்றி சொன்னேன். அந்தத் தொட்டியில் இருந்த அரை மணி நேரம்தான் என் பயணத்தின் மிக நிம்மதியான நேரம்.

அச்சப்பட்ட இரவு ஒன்றும் உண்டு. அதை மறைத்தால் இந்தப் பதிவு நேர்மையாக இருக்காது. 1738இல் கட்டப்பட்ட லோங்ஷான் கோயில், நகரின் மிகப் பழைய பகுதியான வான்ஹுவாவில் இருக்கிறது. அங்கே கருணை வடிவான குவான்யின் அம்மன் முன் பெண்கள் பிறை வடிவ மரத்துண்டுகளைத் தரையில் போட்டுக் குறி கேட்பார்கள். எங்கள் ஊர்க் கோயிலில் பூப்போட்டுப் பார்ப்பது போன்றது அது. அதைப் பார்த்துக்கொண்டே நேரம் போனது தெரியாமல் நின்றுவிட்டு, ஒன்பதரை மணிக்கு வெளியே வந்து, குறுக்கு வழி என்று நினைத்து ஒரு சந்தில் நுழைந்தேன். கோயிலைச் சுற்றியுள்ள சில தெருக்கள் இரவில் குடிப்பவர்கள் கூடும் இடங்கள். ஒருவர் என் பின்னாலேயே வருவதை உணர்ந்தேன். நான் நின்றால் நின்றார், நடந்தால் நடந்தார்.

அந்த ஊரில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் இருபத்து நான்கு மணி நேரக் கடை ஒன்றின் விளக்கு கண்ணில் படும். தைவான் முழுவதும் இத்தகைய கடைகள் பத்தாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. நான் நேராக ஒன்றில் நுழைந்தேன். கல்லாவில் கல்லூரி மாணவி போன்ற ஒரு பெண் இருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் கல்லாவைவிட்டு வெளியே வந்து, கதவருகே நின்று தெருவை ஒரு முறை பார்த்தாள். பிறகு கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியில் எதையோ எழுதிக் காட்டினாள்: "உட்காருங்கள். டாக்ஸி கூப்பிடுகிறேன்." கடையின் மூலையில் இருந்த ஓர் இயந்திரத்தின் திரையைத் தொட்டு அவள் டாக்ஸியை வரவழைக்க, இயந்திரம் ஒரு சிறு சீட்டை அச்சிட்டுத் தந்தது. வரப்போகும் வண்டியின் எண் அதில் இருந்தது. வண்டி வந்ததும் அவள் என்னோடு வெளியே வந்து, சீட்டில் இருந்த எண்ணையும் வண்டியில் இருந்த எண்ணையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி என் கையில் மடித்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை, விடுதியை நடத்தும் பெண்மணியிடம் இதைச் சொல்லிச் சீட்டைக் காட்டினேன். அவருக்கு வயது ஐம்பத்தைந்து இருக்கும். பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு, "உனக்குப் பெங் வான்-ரு யார் என்று தெரியுமா?" என்று கேட்டார்.

பெங் வான்-ரு, தைவானின் ஜனநாயக முன்னேற்றக் கட்சி என்ற அரசியல் கட்சியின் பெண்கள் பிரிவுக்குத் தலைமை ஏற்றிருந்தவர். கட்சியில் தேர்தல் இடங்களில் நான்கில் ஒரு பங்கு பெண்களுக்கு என்ற விதியைக் கொண்டுவரப் போராடிக்கொண்டிருந்தார். 1996 நவம்பர் 30ஆம் நாள் இரவு, கட்சி மாநாட்டுக்காகப் போயிருந்த, தைவானின் தெற்கிலுள்ள காவோசியுங் நகரில் ஒரு டாக்ஸியில் ஏறியவர் திரும்பி வரவில்லை. டிசம்பர் 3ஆம் நாள் அவர் உடல் கிடைத்தது. கொன்றவர் யார் என்று இன்றுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அந்த டிசம்பர் 21ஆம் நாள் இரவில் தைபேயில் பெண்கள் கூட்டம் கூட்டமாகத் தெருவில் இறங்கி, இரவும் எங்களுடையதே என்று முழங்கி நடந்தார்கள். கிடப்பில் கிடந்த பாலியல் வன்முறைத் தடுப்புச் சட்டத்தை அந்த மாத இறுதிக்குள் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 1997 ஜனவரியில் அது சட்டமானது. பள்ளிகளில் ஆண்டுக்குக் குறைந்தது நான்கு மணி நேரமாவது பாலியல் வன்முறைத் தடுப்பு பற்றிக் கற்பிக்க வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருந்தது. 1998இல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2004இல் பாலினச் சமத்துவக் கல்விச் சட்டம் என்று அடுத்தடுத்து வந்தன. கொலை, கொள்ளை, பாலியல் குற்றம் போன்றவற்றில் தண்டிக்கப்பட்டவர்கள் டாக்ஸி ஓட்டக் கூடாது என்ற விதியை எதிர்த்து வழக்கு வந்தபோது, அரசியல் சாசன நீதிபதிகள் 2004இல் அந்த விதியை உறுதிசெய்தார்கள். பெங்கின் கணவரும் நண்பர்களும் அவர் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை, குழந்தைப் பராமரிப்பு போன்ற வேலைகளில் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வருகிறது.

"அன்று நானும் அந்த ஊர்வலத்தில் நடந்தேன். என் அம்மா போகாதே என்று அழுதார்" என்றார் அவர்.

அவர் சொல்லி முடித்ததும் என் நினைவுக்கு வந்தது 1998ஆம் ஆண்டுச் சென்னை. ஆண்கள் சிலரின் அத்துமீறலால் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்தார், ஊரே கொதித்தது, அந்த ஆண்டே தமிழ்நாட்டில் ஈவ் டீசிங் தடைச் சட்டம் வந்தது. ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே வகைத் துயரத்திலிருந்து இரண்டு ஊர்களும் சட்டம் இயற்றியிருக்கின்றன. அங்கே அந்தச் சட்டம் பள்ளிக்கூடத்துக்குள்ளும் டாக்ஸிக்குள்ளும் போயிருக்கிறது. இங்கே எங்கள் வீடுகளில் அதன் விளைவாக நாங்கள் கேட்டதெல்லாம், ஆறு மணிக்குள் வீடு வந்து சேர் என்பதுதான். அப்போது நான் பள்ளி மாணவி. அந்த வாக்கியத்தை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணிச் சொல்ல முடியாது.

தைபேயைக் குறையற்ற ஊராகக் காட்ட எனக்கு விருப்பமில்லை. 2017இல் ஒரு டாக்ஸி ஓட்டுநர், கொரியாவிலிருந்து வந்த பெண் பயணிகளுக்கு மயக்க மருந்து கலந்த பானத்தைக் கொடுத்த வழக்கு அந்நாட்டையே உலுக்கியது. 2023 கோடையில் அரசியலிலும் கலையுலகிலும் பணியிடங்களிலும் தாங்கள் அனுபவித்த தொல்லைகளைப் பெண்கள் அடுத்தடுத்து வெளிப்படையாகச் சொன்னார்கள். சில வாரங்களுக்குள் பாலினச் சமத்துவம் சார்ந்த மூன்று சட்டங்களைத் திருத்த வேண்டிய நிலை வந்தது. ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை தருவதைத் தனிக் குற்றமாக்கும் சட்டம் 2022இல்தான் நடைமுறைக்கு வந்தது. எனக்கு இதில் நம்பிக்கை தருவது, கேள்வி எழும்போதெல்லாம் அந்த ஊர் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்க்கிறது என்பதுதான்.

ஓர் இந்தியப் பெண்ணாக எனக்கு வலித்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். 2023 இறுதியில், இந்தியாவிலிருந்து தொழிலாளர்களை அழைத்துவருவது பற்றிய பேச்சு எழுந்தபோது, தைவானின் சமூக ஊடகங்களில் எதிர்ப்பு கிளம்பியது. இந்திய ஆண்கள் வந்தால் தங்கள் தெருக்களில் பெண்களுக்குப் பாதுகாப்பு இருக்காது என்று எழுதினார்கள், தலைநகரில் ஊர்வலமும் நடந்தது. ஒரு நாட்டின் ஆண்கள் அனைவரையும் குற்றவாளிகளாக்கும் அந்தப் பேச்சு அநியாயமானது. என் தம்பியையும் என்னோடு வேலை செய்பவர்களையும் நினைத்து நான் கோபப்பட்டேன். ஆனால் அவர்கள் எடுத்துக்காட்டிய செய்திகள் பொய்யல்ல என்பதையும் நான் அறிவேன். விடுதிப் பெண்மணியிடம் இதைக் கேட்டேன். அவர் வருத்தத்தோடு, "பயத்தை யார்மேல் வேண்டுமானாலும் சுமத்திவிடலாம், அது சுலபம்" என்று மட்டும் சொன்னார். என்னிடம் அந்தப் பத்து நாட்களில் ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஆனாலும் ஒரு நாட்டுக்குச் சுற்றுலாப் பயணியாகப் போகிறவருக்குக் கிடைக்கும் வரவேற்பு, அங்கே வேலைக்காகப் போகிறவருக்கும் கிடைக்கும் என்று நான் எண்ணிக்கொள்ளவில்லை.

எங்கள் மதுரையையும் தூங்கா நகரம் என்றுதான் சொல்கிறோம். இரவு இரண்டு மணிக்கும் இட்லி கிடைக்கும். மாட்டுத்தாவணியில் பேருந்துகள் வந்தபடியே இருக்கும். ஆனால் அந்த நேரத்து இட்லிக் கடையில் பெண்களைப் பார்ப்பது அரிது. சித்திரைத் திருவிழாவில் ஓர் இரவு மட்டும் எல்லாம் மாறும். அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முந்தைய இரவு, எதிர்சேவை பார்த்துவிட்டுத் தல்லாகுளத்துச் சாலையோரம் ஆயிரக்கணக்கான பெண்கள் பாயை விரித்துப் படுத்திருப்பார்கள். கைக்குழந்தைக்காரிகளும் கிழவிகளும் அதில் இருப்பார்கள். சிறுமியாக அம்மாச்சியின் மடியில் தலைவைத்து அந்தத் தெருவில் நான் தூங்கியிருக்கிறேன். எனக்கு ஓர் ஆண்டில் ஓர் இரவு கிடைத்த அந்த மதுரையை, தைபேயில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இரவில், இரவுச் சந்தையில் தனியாக நின்று சோளம் வாங்கித் தின்றபோது மீண்டும் கண்டேன்.

போக விரும்பும் தோழிகளுக்குச் சில செய்திகள். இந்தியர்களுக்கு விசா தேவை. அதற்கான தைவானின் பொருளாதார, பண்பாட்டு மையம் சென்னையிலேயே 2012 முதல் இயங்குகிறது. அக்டோபர் இறுதியும் நவம்பரும் நல்ல பருவம். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல்கள் வரலாம். விமான நிலையத்திலேயே ஈஸிகார்டு என்ற கட்டண அட்டையை வாங்கிவிடுங்கள். மெட்ரோ, பேருந்து, கடை எல்லாவற்றுக்கும் அது போதும். மெட்ரோவுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, அபராதம் உண்டு. காவல்துறைக்கு 110, தீயணைப்புக்கும் ஆம்புலன்ஸுக்கும் 119. பெண்கள், குழந்தைகள் மீதான வன்முறைக்கென்றே 113 என்ற எண் இருக்கிறது. அதைக் கைபேசியில் பதிந்துகொள்ளுங்கள். லோங்ஷான் கோயிலுக்குக் கண்டிப்பாகப் போங்கள், ஆனால் மாலையிலேயே போய், திரும்பும்போது பெரிய சாலை வழியாகவே மெட்ரோவுக்கு வாருங்கள். இரவு டாக்ஸி வேண்டுமென்றால் கடைக்குள் போய் வரவழைத்து, அந்தச் சீட்டைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். என்னுடைய சீட்டு பாஸ்போர்ட் உறைக்குள் இருக்கிறது. மை மங்கிவிட்டது, வண்டி எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டும் இன்னும் தெரிகின்றன.